யானைக்கவுனிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்?

வடசென்னையின் யானைக்கவுனியில் நின்று பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் குறைவே இல்லை. வால்டாக்ஸ் சாலையோடு தெற்கே நடந்தால் ஜி.எச். என்கிற அரசுப் பொது மருத்துவமனை வந்துவிடும். வடக்கே பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி மருத்துவமனை. மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். 1794-இல் புரசைவாக்கத்தில் தொடங்கி, 1871-இல் இப்போதுள்ள தோட்டத்துக்கு மாறிய இடம் அது. நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும், ஆறு மாதமாகத் தூக்கம் வராத ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி அங்கே போவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு பேச்சே குறைந்துபோன ஒரு பெண்ணை அங்கே யாரும் அழைத்துப் போவதில்லை.

தொலைவழி மனநல சேவை என்றதும் மலைக்கிராமமும் தீவும்தான் நினைவுக்கு வரும். பஸ் போகாத ஊருக்கு டாக்டரின் முகத்தைக் கம்பி வழியே அனுப்புவது என்றே நாம் அதைப் புரிந்துவைத்திருக்கிறோம். வடசென்னையைப் பார்த்தால் அந்தப் புரிதல் போதாது என்று தெரிகிறது. இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. யானைக்கவுனி மேம்பாலத்தை இடித்துக் கட்டிய அத்தனை ஆண்டுகளும் இந்தப் பக்கத்து ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போகாமல் இருந்துவிடவில்லை. கீழ்ப்பாக்கத்துக்கு மட்டும் போகாததற்குக் காரணம் வேறு.

முதல் காரணம் அந்தப் பெயர். சென்னைப் பேச்சில் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு வசவு. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்று சொல்லாத தெரு இந்த ஊரில் இருக்காது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், அந்தப் பெண்ணின் தாய் அந்த வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்குள் வாழ்கிறவர்களுக்கு அது கண்ணுக்கு நேரே நிற்கும் உண்மை.

இரண்டாவது கூலி. புறநோயாளிப் பிரிவு காலையில். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வெளியே வரும்போது மதியம் ஆகியிருக்கும். சௌகார்பேட்டையில் சரக்கு இறக்குகிறவருக்கும், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவருக்கும் காலை போனால் அன்றைய நாளே போனது. கூட ஒருவர் போனால் இரண்டு கூலி போச்சு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் தற்கொலையால் போன உயிர்கள் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அன்றாடம் காய்ச்சிகள் வாழும் வடசென்னை இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

வெட்கம், கூலி என்ற இந்த இரண்டு தூரத்தையும் கடக்க உதவுகிறதா என்பதே தொலைவழிச் சிகிச்சைக்கு நான் வைக்கும் சோதனை. அதை வைத்துக்கொண்டே இதுவரை நடந்ததைப் பார்க்கலாம்.

இந்த முயற்சிக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிசில் விட்சன் என்ற மனநல மருத்துவர் 1959-இலேயே தொலைக்காட்சி இணைப்பைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். பிறகு சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையோடு அதை இணைத்தார். அதற்கும் முன்பே, 1953-இல், லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தேவாலயத்துத் தொலைபேசியை வைத்துத் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களோடு பேசத் தொடங்கியிருந்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். முன்னது மருத்துவம், பின்னது காது கொடுத்துக் கேட்பது. இன்றுவரை இந்தத் துறை இந்த இரண்டு ஓடைகளாகவே ஓடிவருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் பலன் அதிகம் என்பது என் கருத்து. அதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு.

சென்னையில் இரண்டாவது ஓடையைத் தொடங்கியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் அவர் நிறுவிய 'சினேகா' தொண்டர்களின் காதை நம்பி நடக்கும் அமைப்பு. பின்னாளில் அவரும் பங்கேற்ற ஓர் ஆய்வை இந்தத் துறையில் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் அதை நடத்தியது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்ட 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடக்கத்தில் அடிக்கடி, போகப்போக இடைவெளி விட்டு. முடிவு 2008-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பிறகு தற்கொலையில் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். ஆயிரம் பேருக்கு 22 சாவு என்பது இரண்டாகக் குறைந்தது.

பிரெஞ்சு பாலினீசியாவில் இதே முறையைச் செய்து பார்த்தபோது இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஊருக்கும் பொருந்தும் மந்திரமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சென்னையும் கொழும்பும் இடம்பெற்ற ஆய்வில், கருவி என்று பார்த்தால் ஒரு சாதாரண தொலைபேசி. காணொளி இல்லை, செயலி இல்லை. "எப்படிம்மா இருக்கே, சாப்பிட்டியா, தூக்கம் வருதா?" என்ற வகையில் விசாரிக்க அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தாமாகவே கூப்பிட்டார். உதவி எண் என்பது நாம் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பது. மனம் உடைந்தவருக்கு எண்ணை அழுத்தும் தெம்பே இருக்காது. 2021-இல் நீட் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய மாணவர்களை அரசின் 104 உதவி எண் சேவையின் ஆலோசகர்கள் தாங்களே அழைத்துப் பேசியதும் இதே வழியில் வந்ததுதான். அந்த வழக்கம் தேர்வுக்காலத்தோடு நின்றுவிடக் கூடாது.

மருத்துவ ஓடையின் கதை இதைவிட நீளம். 1984-இல் டாக்டர் சாரதா மேனனும் டாக்டர் ஆர். தாராவும் சக மருத்துவர்களும் சேர்ந்து ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார்கள். சாரதா மேனன் கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். மருத்துவமனையை விட்டு வெளியேறியவரை வெளியே தாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதை அங்கேயே கண்டவர். 2004 டிசம்பர் 26 சுனாமி காசிமேட்டையும் எண்ணூரையும் நாகப்பட்டினத்தையும் ஒரே காலையில் அடித்துப் போட்டது. கடற்கரை நெடுக அழுகிறவர்கள் இருந்தார்கள், மனநல மருத்துவர்கள் இல்லை. அந்த நெருக்கடியில்தான் ஸ்கார்ஃப் 2005-இல் தொலைவழி ஆலோசனையில் இறங்கியது.

அது 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸாக வளர்ந்தது. அந்தப் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதிப் பதில் அதில் இருக்கிறது. டாடா அறக்கட்டளை ஒன்றின் நிதியில், இதற்கென்றே உள்ளே மாற்றிக் கட்டப்பட்ட வண்டி அது. ஒரு பக்கம் ஆலோசனை அறை, இன்னொரு பக்கம் மருந்தகம். குறித்த நாளில் குறித்த ஊரில் வந்து நிற்கும். நோயாளி அறைக்குள் போய் உட்கார்ந்தால் எதிரே திரையில் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு அங்கேயே வரும். இறங்குவதற்குள் மாத்திரை கையில், அதுவும் இலவசமாக. அடுத்த முறை அவர் வரவில்லை என்றால், உள்ளூரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே போய், "மாத்திரை தீர்ந்திருக்குமே, ஏன் வரலை?" என்று கேட்பார். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஒருவரைப் பற்றி ஊரில் தெரியவந்தால், அவரை முதலில் கண்டு, வீட்டாரிடம் பேசி, பஸ்வரை அழைத்து வருகிறவரும் அதே பணியாளர்தான்.

இதில் தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கது அந்தத் திரை மட்டும். மூடிய அறை, மருந்து, தெரிந்த முகம் என்ற மற்ற மூன்றும் பழைய காலத்துச் சமாச்சாரம். திரையை எடுத்துவிட்டால் பஸ் நின்றுவிடும் என்பது சரிதான். மற்ற மூன்றில் ஒன்றை எடுத்தாலும் அது நின்றுவிடும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

கொரோனா வந்தபோது நாடு முழுவதும் திரைக்கு மாறியது. ஊரடங்கு தொடங்கிய அதே நாள், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அதுவரை சட்டப்படி சரியா தவறா என்ற தயக்கத்தில் இருந்த மருத்துவர்களுக்கு அது வழியைத் திறந்துவிட்டது. எந்த மருந்தைத் தொலைவழியில் எழுதலாம், எதைக் காணொளியில் முகம் பார்த்த பிறகே எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று அதில் பட்டியலே இருந்தது. அந்த ஆண்டே இந்திய மனநல மருத்துவர் சங்கமும் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் மனநலத்துக்கென்று தனி நெறிமுறை தந்தன. மத்திய அரசின் தொலைமருத்துவ சேவையான இ-சஞ்சீவனியில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. ராயபுரம் மண்டலம் தொற்றுக் கணக்கில் முதலிடத்தில் தவித்த மாதங்கள் அவை. தகரம் அடித்து மூடிய தெருக்களுக்குள் இருந்தவர்களுக்குத் தொலைபேசி ஒன்றே வெளி உலகம்.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, நிம்ஹான்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு டெலி மானஸ் என்ற தேசியத் தொலைபேசி மனநல சேவை தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு. தமிழக அரசு இதையே 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து நடத்துகிறது. முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் அழைப்பு மனநல மருத்துவருக்குப் போகும். தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் நாடு முழுவதும் அழைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டின. யானைக்கவுனி போன்ற இடத்தில் இதற்குத் தனியான ஒரு பயன் இருக்கிறது. இங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் கேட்கும். மணலியிலும் திருவொற்றியூரிலும் ஒடியா பேசும் இளைஞர்கள் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். தன் மொழியில் அழ முடியாதவன் டாக்டர் முன்னால் "தலைவலி" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து வந்துவிடுவான். டெலி மானஸ் 20 மொழிகளில் பேசுகிறது. எந்த ஓ.பி.யிலும் இது முடியாது.

ஆக, வெட்கம் என்ற தூரத்தை 14416 பெருமளவு குறைத்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், கீழ்ப்பாக்கம் வாசலில் நிற்க வேண்டாம். கூலியும் போகாது. பிறகு என்ன குறை?

எங்கள் பக்கத்து வீடு ஒன்றைச் சொல்கிறேன்; ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கணவன், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள். அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். கழிப்பறை மாடிக்கு ஒன்று, நான்கு குடித்தனத்துக்குப் பொது. அந்தப் பெண் ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட முடிவு செய்தார். எங்கே போய்ப் பேசுவது? ஈரத் துணி வாளிக்குள் கைப்பேசியைப் பாலித்தீன் பையில் சுற்றிப் போட்டுக்கொண்டு, காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போனார். மறுமுனையில் இருந்தவர் பதமாகத்தான் கேட்டிருக்கிறார்: "இப்ப தனியா இருக்கீங்களாம்மா, பேசலாமா?" பேச்சு பிடிபட்டு வரும் நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். "ராங் நம்பர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பதிவை அழித்ததாகவும், மாமியார் மறுபடி அந்த எண்ணை அழைத்துப் பார்த்துவிடுவாரோ என்று பல நாள் நடுங்கியதாகவும் என்னிடம் சொன்னார்.

தமிழ்நாட்டில் தமக்கென்று பயன்படுத்தக் கைப்பேசி உள்ள பெண்கள் நான்கில் மூவர் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு. கைப்பேசி இருப்பதைக் கேட்டார்கள். கதவு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

ஆணுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரிடம் நேரம் உண்டு, கைப்பேசி உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் லாரியின் கேபின் வடசென்னையில் கிடைக்கக்கூடிய நல்ல தனியறை. அவரிடம் இல்லாதது பேசும் பழக்கம். காசிமேட்டு விசைப்படகில் போகிறவர் பல நாள் கடலில். கரை மறைந்த பிறகு சிக்னலும் இல்லை. வால்டாக்ஸ் சாலை நடைபாதையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சுவரும் இல்லை, சார்ஜ் போட மின்சாரமும் இல்லை.

குரலால் முடியாதவையும் உண்டு. மனச்சிதைவு மருந்து சாப்பிடுகிறவரின் கை விறைத்திருக்கிறதா, நடையில் தளர்ச்சி உண்டா, வாயில் எச்சில் வடிகிறதா என்பது போனில் தெரியாது. மாதம் ஒரு முறை போடும் ஊசியை எந்தக் கம்பியும் கொண்டுவராது. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தனக்கு நோயே இல்லை என்று நம்புகிறவர் தானாகக் கூப்பிடவே மாட்டார். இந்த இடங்களிலெல்லாம் ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966-இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா என்ற நிரலிடமே மனிதர்கள் மனம் திறந்தார்கள். அதைக் கண்டு அதைச் செய்தவரே கலங்கினார். இன்று பெங்களூரில் பிறந்த வைசா முதல் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. லேசான பதற்றத்துக்கும், தூக்கப் பழக்கத்தைச் சரிசெய்வதற்கும் அவை உதவக்கூடும். சாக நினைக்கும் ஒருவரை இரவு இரண்டு மணிக்கு ஒரு செயலியின் கையில் ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. தட்டச்சு செய்த துயரம் எந்த ஊர்க் கணினியில் சேர்ந்து கிடக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது.

நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்கிறது ஒரு மதிப்பீடு. சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை அது கிடைக்காமலே இருந்தார்கள் என்று நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்கிறது. இந்த இடைவெளியை நேரில் பார்த்தே நிரப்ப இன்னும் ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வர வேண்டும். ஆகவே தொலைவழி வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. அதன் இந்த முனையில், யானைக்கவுனி முனையில், என்ன வைக்கப்போகிறோம் என்பதே இனிப் பேச வேண்டியது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சென்னை மாநகராட்சி வார்டுகளில் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்திருக்கிறார்கள். சளிக்கும் சர்க்கரைக்கும் போகும் இடம் என்பதால் அங்கே நுழைய யாருக்கும் வெட்கம் இல்லை. ஒவ்வொன்றிலும் கதவு சாத்தும் ஓர் அறை, 14416-க்கு ஒரு தொலைபேசி, முகம் பார்க்க ஒரு திரை, மாலையிலும் இந்தச் சேவை. மருத்துவர் எழுதிய மாத்திரை அந்த மையத்திலேயே கிடைக்கட்டும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வாசலுக்கு வரும் பெண் தன்னார்வலர், எந்த வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார் என்று நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர். புதுக்கோட்டைப் பஸ்ஸின் உள்ளூர்ப் பணியாளர் செய்த வேலையை, உரிய பயிற்சியும் உரிய ஊதியமும் தந்து, அவரிடம் கொடுக்கலாம். ஸ்டான்லியிலும் ஜி.எச்.சிலும் தற்கொலை முயற்சியோடு சேர்ந்து உயிர் பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் 18 மாதத்தில் ஒன்பது அழைப்பு என்பதை விதியாகவே ஆக்கலாம். சென்னையும் இடம்பெற்ற ஆய்வின் பலனைச் சென்னைக்காரருக்குக் கொடுக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதுவரை செய்யக்கூடியது நம் வீட்டிலேயே இருக்கிறது. 14416, அல்லது சினேகாவின் 044-24640050. உங்கள் வீட்டில் யாராவது இந்த எண்ணில் பேசிக்கொண்டிருந்தால் யாரோடு பேச்சு என்று கேட்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்வாருங்கள். அரை மணி நேரம் அந்த அறையை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.